டாக்காவுக்கு வழி திறந்த சகத் சிங்: திட்டத்தில் இல்லாத ஆற்றை ஏன் கடந்தார்?

1971 டிசம்பர் 16, டாக்கா. பாகிஸ்தான் ஜெனரல் நியாஸி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திடும் புகைப்படத்தை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். பின்னால் நிற்பவர்களில் ஒருவர் லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங். மானெக்‌ஷாவைத் தெரிந்த அளவுக்கு நமக்கு இவரைத் தெரியாது. ஆனால், இவர் ஓர் ஆற்றைக் கடக்காமல் இருந்திருந்தால், அன்றைக்கே அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

யார் இவர்?

ராஜஸ்தானின் சுரு பகுதியைச் சேர்ந்தவர். பிகானேர் சமஸ்தானப் படையில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ராணுவத்தின் கூர்க்கா ரெஜிமென்ட்டுக்கு வந்தார். 1961 கோவா நடவடிக்கையில் இவருடைய 50-வது பாராசூட் பிரிகேடுக்குக் கிடைத்தது துணை வேலைதான். ஆனால் பனாஜிக்குள் முதலில் நுழைந்தது அந்தப் படையே.

நாதுலாவில் என்ன நடந்தது?

1965-ல் பாகிஸ்தானுடன் போர் நடந்தபோது, சிக்கிம் எல்லையில் சீனா கெடு விதித்தது. பக்கத்திலிருந்த ஜெலெப்லா கணவாயிலிருந்து இந்தியப் படை பின்வாங்கியது. நாதுலாவை விட்டுத்தர சகத் சிங் மறுத்துவிட்டார். 1967 செப்டம்பரில் அங்கே வேலி போடும்போது சீனப் படை சுட்டது. இந்தியத் தரப்பு பீரங்கிகளால் பதிலடி கொடுத்தது. உயிரிழப்பு இரு பக்கமும் இருந்தது. கணவாய் மட்டும் கைவிட்டுப் போகவில்லை.

மேக்னாவை எப்படிக் கடந்தார்?

1971-ல் இவருடைய 4-வது கோர் படைக்குத் தரப்பட்ட இலக்கு மேக்னா ஆறு வரைதான். டாக்கா அந்தத் திட்டத்தில் இல்லை. அஷுகஞ்ச் பாலத்தையும் பாகிஸ்தான் படை தகர்த்துவிட்டது. ‘அவ்வளவுதான், இனி நிற்க வேண்டியதுதான்’ என்று எதிரி நினைத்த இடத்தில், டிசம்பர் 9 இரவு விமானப்படையின் எம்.ஐ-4 ஹெலிகாப்டர்களில் வீரர்களை அக்கரையில் இறக்கத் தொடங்கினார். உள்ளூர் மக்களின் படகுகளும் கைகொடுத்தன. டாக்காவுக்குக் கிழக்கு வாசல் திறந்தது.

அப்படியென்றால் உத்தரவை மீறினாரா?

இன்றும் விவாதிக்கப்படும் கேள்வி இது. கனரக பீரங்கிகள் இக்கரையிலேயே இருக்க, அக்கரையில் இறங்கியவர்கள் சிக்கியிருந்தால் பழி முழுவதும் இவர் தலையில்தான் விழுந்திருக்கும். அதைத் தெரிந்துதான் முடிவெடுத்தார்.

என்ன கிடைத்தது?

பத்மபூஷண் கிடைத்தது. ராணுவத் தலைமைத் தளபதி பதவி கிடைக்கவில்லை. 2001-ல் காலமானார். 2018-ல் வெளியான ‘பல்டன்’ இந்திப் படத்தில் ஜாக்கி ஷெராஃப் ஏற்றது இவருடைய பாத்திரம்தான். அடுத்தமுறை அந்த டாக்கா படத்தைப் பார்க்கும்போது, பின்வரிசையையும் ஒருமுறை பாருங்கள்.