ஊறுகாய்ச் சாடியும் புதுநீரும்

தேக்காச் சந்தையில் வாங்கிய மாங்காயைப் பாட்டி துண்டுகளாக நறுக்கி, உப்பு தூவிச் சாடியில் போட்டு மூடி வைக்கிறார். மறுநாள் திறந்தால் துண்டுகள் சுருங்கியிருக்கின்றன. அடியில் நீர் தேங்கியிருக்கிறது. நாம் ஒரு சொட்டு நீர்கூட ஊற்றவில்லை. பிறகு, அது எங்கிருந்து வந்தது?

மாங்காயின் ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. அதன் வழியே நீர் எளிதில் செல்லும். உப்பு எளிதில் செல்லாது. உப்பு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு நீர் தானாகவே நகரும். இதைச் ‘சவ்வூடு பரவல்’ என்பர். உயிரணுக்களிலிருந்த நீர் வெளியேறியதால்தான் மாங்காய் சுருங்கியது.

இந்த நகர்வைத் திருப்ப முடியுமா? முடியும். உப்பு மிகுந்த பக்கத்தில் போதிய அழுத்தம் கொடுத்தால், நீர் எதிர்த்திசையில் செல்லும், உப்பு தங்கிவிடும். இதுவே ‘எதிர்ச் சவ்வூடு பரவல்’.

சிங்கப்பூரில் பெரிய ஆறுகளோ இயற்கை ஏரிகளோ இல்லை. 1963இல் மழை பொய்த்தபோது, வீடுகளுக்குத் தண்ணீர் பங்கிட்டு வழங்கப்பட்டது. ஜொகூரிலிருந்து நீர் பெற 1962இல் செய்துகொண்ட ஒப்பந்தம் 2061இல் முடிவடையும். ஆகவே, பயன்படுத்திய நீரையே மீண்டும் தூய்மையாக்கும் வழியை நாடு தேடியது. அவ்வாறு பிறந்ததே ‘நியூவாட்டர்’ எனப்படும் புதுநீர்.

ஏற்கெனவே சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் மூன்று படிகளைக் கடக்கிறது. முதலில், நுண்வடிகட்டிகள் துகள்களையும் பாக்டீரியாக்களையும் தடுக்கின்றன. அடுத்து, எதிர்ச் சவ்வூடு பரவலில் உப்புகளும் வைரஸ்களும் நீக்கப்படுகின்றன. இறுதியாக, தப்பிய கிருமிகள் இருந்தால் புற ஊதாக் கதிர்கள் அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. பின்னர், நீரின் அமிலத்தன்மையைச் சமன்செய்யச் சிறிதளவு காரம் சேர்க்கப்படுகிறது. ஒரு குவளை நீருக்குள் உயிரியல், இயற்பியல், வேதியியல் மூன்றும் இருக்கின்றன!

“கழிவுநீரா குடிப்பது?” என்று தயங்கியவர்களும் உண்டு. 2002 தேசிய தின அணிவகுப்பில், தேசிய விளையாட்டரங்கில் கூடியிருந்தோர் புதுநீர்ப் போத்தல்களை உயர்த்திப் பருகினர். இன்று அது பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது. வறண்ட காலத்தில் நீர்த்தேக்கங்களிலும் சேர்க்கப்படுகிறது.

மாணவர்களே, இன்றிரவு உலர்ந்த திராட்சைகள் சிலவற்றை நீரில் ஊறவையுங்கள். காலையில் அவை பருத்திருக்கும். ஏன்? பாட்டிக்கு விளக்கிச் சொல்லுங்கள்.