மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் செயலிழப்பது ஏன்?

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டம் வடகரப்பதி பகுதியில் இருந்து மோட்டார் சைக்கிளில் பொள்ளாச்சி வழியாக வால்பாறைக்குச் செல்வோர், ஆழியாற்றுக்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். இடுக்கி எல்லையில் உள்ள போடிமெட்டு மலைச்சாலையில் 17 வளைவுகள் உள்ளன. இச்சாலைகளில் ஏற்றத்தைவிட இறக்கமே அதிக எச்சரிக்கையைக் கோருகிறது.

இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்கும்போது உராய்வினால் கடும் வெப்பம் உண்டாகிறது. டிரம் பிரேக்கில் இவ்வெப்பம் பிடிமானத்தைக் குறைக்கிறது. டிஸ்க் பிரேக்கில் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உருவாகின்றன. திரவத்தைப் போலன்றி ஆவி எளிதில் சுருங்குவதால், லீவரை முழுமையாகப் பிடித்தாலும் போதிய அழுத்தம் சக்கரத்தைச் சென்றடைவதில்லை.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. 'டாட் 4' வகை ஆயிலின் குறைந்தபட்ச கொதிநிலை, புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்த பின் 155 டிகிரி. எனவே பயணத்துக்கு முன் பழைய ஆயிலை மாற்றுவது அவசியம். ஏபிஎஸ் வசதி, சக்கரம் சுழலாமல் நின்று சறுக்குவதைத் தடுக்குமே தவிர, வெப்பத்தைத் தணிக்காது.

இறங்கும்போது இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் சென்றால் என்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் இறங்குவது ஆபத்தானது. கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் என்ஜினின் இந்த உதவி குறைவு என்பதால், இடையிடையே நிறுத்தி பிரேக்கை ஆறவிட வேண்டும். குறுகலான இடங்களில் மேலே ஏறி வரும் வாகனத்துக்கே முதலில் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி.