வேலையை விடாமல் எம்.பி.ஏ.: விண்ணப்பம் எழுதும் வகை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

எம்.பி.ஏ. என்னும் மூன்றெழுத்தை அறியாதவர் நம் கல்லூரியில் இலர். பட்டம் வாங்கிய கையோடு இரண்டாண்டு படித்துப் பெறுவது அது என்றே நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். வேலையில் சேர்ந்து, சில ஆண்டுகள் உழைத்து, குடும்பப் பொறுப்பையும் தோளில் ஏற்றிக்கொண்ட பிறகு, அந்த வேலையை விடாமலே சனி, ஞாயிறுகளில் படிக்கும் எம்.பி.ஏ. ஒன்றும் உண்டு. 'எக்சிகியூட்டிவ் எம்.பி.ஏ.' என்பது அதன் பெயர். அதற்கு விண்ணப்பம் தயாரிக்கும் வகையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

"இரண்டாம் ஆண்டு படிப்பவனுக்கு இப்போதே எதற்கு இந்தக் கவலை?" என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அந்த விண்ணப்பத்தில் கேட்கப்படுபவற்றுள் சில, நாம் இந்த வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும்போதே முடிவாகிவிடுகின்றன. அவற்றைப் பிறகு திருத்த முடியாது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருப்போர்க்கான முதல் எம்.பி.ஏ. வகுப்பை அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் 1943-இல், உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் தொடங்கியது. நம் நாட்டில் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள், அதாவது ஐ.ஐ.எம்.கள், 1961-இல் தோன்றின. நம் திருச்சியைப் பொறுத்தவரை, பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் 1984-இல் வந்தது. திருச்சி ஐ.ஐ.எம். 2011-இல் தொடங்கி, முதலில் என்.ஐ.டி. வளாகத்தில் இயங்கி, பின்னர் புதுக்கோட்டைச் சாலையில் சூரியூர் அருகே சொந்த வளாகத்துக்குப் போனது. வேலையில் இருப்போர்க்கான இரண்டாண்டு வகுப்பை அது 2012-இல் சென்னையில் தொடங்கியது. உப்பிலியபுரத்திலிருந்து துறையூர் வழியாகத் திருச்சிக்குப் பேருந்தில் போகும் நமக்கு, இத்தகைய நிறுவனம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிவதில்லை.

ஒரு விளக்கம் இங்கே தேவை. ஐ.ஐ.எம்.கள் நெடுங்காலம் பட்டம் வழங்கவில்லை. முதுநிலைப் பட்டயமே வழங்கின. 2017-ஆம் ஆண்டின் ஐ.ஐ.எம். சட்டம் 2018 ஜனவரி இறுதியில் நடைமுறைக்கு வந்த பின்னரே பட்டம் வழங்கும் உரிமை அவற்றுக்குக் கிடைத்தது. அதே நிறுவனங்கள் 'எக்சிகியூட்டிவ்' என்ற சொல்லைச் சேர்த்து ஆறு மாதம், பத்து மாதச் சான்றிதழ் வகுப்புகளையும் நடத்துகின்றன. அவை எம்.பி.ஏ. ஆகா. விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், பணம் கட்டுமுன் "பட்டமா, சான்றிதழா?" என்று எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. என் பெரியம்மா மகன் துவாக்குடியில் கொதிகலன் பாகங்கள் செய்துகொடுக்கும் ஒரு சிறு தொழிற்கூடத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறார். அவருக்குக் கீழே பன்னிரண்டு வெல்டர்கள். ஈராண்டுகளுக்கு முன் அவர் இத்தகைய வகுப்பொன்றுக்கு விண்ணப்பித்தார், நிராகரிக்கப்பட்டார். சென்ற ஆண்டு மறுபடியும் விண்ணப்பித்தார். இம்முறை தட்டச்சு செய்து கொடுத்தவன் நான்.

விண்ணப்பம் என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது ஒரு படிவம். பெயர், முகவரி, மதிப்பெண் எழுதிக் கையெழுத்திட்டால் முடிந்தது என்று நினைப்போம். இங்கே படிவம் மிகச் சிறிய பகுதி. மதிப்பெண் பட்டியல்கள், பணி அனுபவச் சான்றுகள், நுழைவுத்தேர்வு மதிப்பெண், தன்னைப் பற்றிய கட்டுரை, பரிந்துரைக் கடிதங்கள் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே நேர்முகத்துக்கு அழைக்கிறார்கள். சில நிறுவனங்கள், சனிக்கிழமைகளில் விடுப்பு தருவோம் என்று முதலாளி எழுதிக் கொடுக்கும் கடிதத்தையும் கேட்கின்றன.

இவற்றுள் மிகப் பெரிய இடறல் கட்டுரை. "ஏன் இந்தப் படிப்பு, ஏன் இப்போது, இதுவரை என்ன செய்தீர்கள்?" என்று முந்நூறு, ஐந்நூறு சொற்களில் எழுதச் சொல்வார்கள். அண்ணனின் முதல் விண்ணப்பக் கட்டுரையை நான் படித்துப் பார்த்தேன். 'நான் கடின உழைப்பாளி. எனக்குத் தலைமைப் பண்பு உண்டு. சவால்களை விரும்புபவன்' என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதப்பட்டிருந்தது. பணம் கொடுத்து ஓர் ஆளிடம் எழுதி வாங்கியதாம். அதில் அண்ணனின் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். கணிப்பொறியே நொடியில் கட்டுரை எழுதித் தரும் இந்நாளில் அத்தகைய தாள்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். அவற்றுள் இவருடையதை யார் நின்று படிக்கப் போகிறார்கள்?

இரண்டாம் முறை நாங்கள் திண்ணையில் உட்கார்ந்தோம். "அண்ணே, பட்டறையில நீங்க வந்தப்புறம் மாறினது ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்றேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "பெருசா ஒண்ணுமில்ல தம்பி. ராடு காயவச்சது ஒண்ணுதான்" என்றார். அந்த 'ஒண்ணுமில்ல'வில்தான் கட்டுரை இருந்தது.

நடந்தது இது. மழைக்காலத்தில் அவர்கள் போட்ட வெல்டிங் ஜாயிண்டுகள் எக்ஸ்ரே சோதனையில் நூற்றுக்கு ஒன்பது வீதம் தேறாமல் திரும்பி வந்தன. திரும்பி வந்ததை அறுத்து மறுபடியும் வெல்டு செய்ய வேண்டும்; கூலியும் நட்டம், நாளும் நட்டம். வெல்டர்களின் கைப்பழக்கம் சரியில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணன் கவனித்தபோது, பிரித்த ராடு பெட்டிகள் திறந்தபடியே தரையில் கிடந்தன. ராடின் மேற்பூச்சு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெல்டிங் தீப்பொறியின் வெப்பத்தில் அந்த நீர் பிரிந்து ஹைட்ரஜன் ஆகும். உருகிய இரும்பில் கரைந்த ஹைட்ரஜன், இரும்பு ஆறும்போது துளையாகவும் விரிசலாகவும் நிற்கும். (வேதியியல் மாணவனாகிய எனக்கு இது பாடத்தில் படித்ததைப் பட்டறையில் கண்டதுபோல் இருந்தது.) மூலையில் பழுதாகிக் கிடந்த ராடு அடுப்பைச் சீர்செய்து, காய்ந்த ராடுகளை மட்டும் கணக்கு வைத்துக் கொடுக்கும் முறையை அண்ணன் கொண்டுவந்தார். திரும்பி வருபவை நூற்றுக்கு நான்காகக் குறைந்தன.

இதை அப்படியே எழுதினோம். நிலைமை என்ன, தான் கண்டது என்ன, செய்தது என்ன, எண்ணில் மாறியது என்ன என்ற வரிசையில் எழுதினோம். கடைசியில் ஒரு பத்தி: ஜாயிண்டு ஒன்றைத் திருத்தினால் எவ்வளவு மிச்சம் என்று அவருக்குத் தெரியும், ஆனால் அந்த மிச்சத்தைக் கொண்டு புது எந்திரம் வாங்கலாமா, கடனுக்கு வாங்கினால் எத்தனை ஆண்டில் அடையும் என்று முதலாளி கேட்டபோது அவரால் கணக்குச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் படிப்பு, அதனால்தான் இப்போது. 'தலைமைப் பண்பு' என்ற சொல் அந்தக் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. ஆங்கிலம் எளியதுதான், இலக்கணப் பிழைகளை மட்டும் நம் ஆங்கிலத்துறைப் பேராசிரியர் ஒருவர் பார்த்துக் கொடுத்தார்.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். பெரிய பதவியில் இருப்பவர் கையெழுத்து இருந்தால் மதிப்பு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் நம் வேலையை நாள்தோறும் பார்ப்பவர் எழுதுவதே பயன்படும். அண்ணன் கேட்டதற்கு அவர் மேலாளர், "நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றாராம். நம் நாட்டில் இது எங்கும் உள்ள வழக்கம். ஆனால் கட்டுரையும் பரிந்துரையும் ஒரே கையால் எழுதப்பட்டால், ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் படிப்பவருக்கு அது தெரியாமல் போகாது. மேலும், இப்போது பல நிறுவனங்கள் பரிந்துரைப்பவருடைய அலுவலக மின்னஞ்சலுக்கே நேரே கேள்விகளை அனுப்பிவிடுகின்றன. ஆகவே அண்ணன் தாம் செய்த வேலைகளை நாள்வாரியாக ஒரு பக்கத்தில் குறித்து, இரண்டு மாதம் முன்னதாகவே மேலாளரிடம் கொடுத்தார். மேலாளர் அதைப் பார்த்துத் தம் சொற்களில் எழுதினார். அண்ணனுக்குச் சட்டென்று கோபம் வரும் என்பதையும் எழுதியிருந்தாராம்!

நுழைவுத்தேர்வைப் பற்றிச் சில சொற்கள். சில நிறுவனங்கள் 'கேட்' மதிப்பெண்ணையும், சில 'ஜீமேட்' மதிப்பெண்ணையும் ஏற்கின்றன. சில தாமே தேர்வு வைக்கின்றன. கேட் தேர்வு ஆண்டுக்கொரு முறை, வழக்கமாக நவம்பர் இறுதி ஞாயிறன்று நடக்கும். ஆங்கிலம், தரவு விளக்கம், கணக்கு என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். சரியான விடைக்கு 3 மதிப்பெண். தவறான விடையைத் தேர்ந்தெடுத்தால் 1 குறையும். தெரியாத வினாவைத் தொடாமல் விடுவதும் ஒரு பயிற்சியே. ஜீமேட்டின் இப்போதைய வடிவம் 205 முதல் 805 வரை மதிப்பிடப்படுவது. அந்த மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும். 'பெர்சென்டைல்' என்ற சொல்லைக் கண்டு மருள வேண்டாம். 90 பெர்சென்டைல் என்றால் 90 மதிப்பெண் என்று பொருளன்று; எழுதியவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேரை முந்தியிருக்கிறோம் என்பதே பொருள்.

இனி நம்மைச் சுடும் பகுதிக்கு வருகிறேன். பட்டப்படிப்பில் 50 விழுக்காடு என்பது கேட் தேர்வு எழுதவே வேண்டிய தகுதி. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 45. அதற்கு மேலும், நேர்முகத்துக்கு ஆள் பொறுக்கும்போது பத்தாம் வகுப்பு தொடங்கி எல்லா மதிப்பெண்களையும் பல நிறுவனங்கள் கூட்டிப் பார்க்கின்றன. ஐந்து ஆண்டு கழித்து எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், இந்தப் பருவத்தில் விழுந்த அரியர் பட்டியலில் இருந்து அழியாது. அண்ணனுக்கு மூன்று அரியர். "ஏன்?" என்று நேர்முகத்தில் கேட்டார்கள். அந்த ஆண்டு அவர் தந்தைக்கு உடல்நலமில்லாமல் இவரே வயலைப் பார்த்துக்கொண்டதைச் சொன்னார். காரணம் உள்ளவர் அதைச் சொல்லலாம். இல்லாதவர் என்ன சொல்வது?

பெயரும் ஒரு தொல்லை. நமக்கெல்லாம் முன்னெழுத்துத்தான், குடும்பப் பெயர் இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'இரா.' என்று இருக்கும். ஆதாரில் தந்தையின் முழுப்பெயர் பின்னால் வரும். வங்கிக் கணக்கில் முன்னால் வரும். இணையப் படிவமோ 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பாமல் நகரவே விடாது. தேர்வு நாளில் காட்டும் அடையாள அட்டையில் உள்ளபடியே பதிவிலும் இருக்க வேண்டும். அண்ணன் இதைச் சரிசெய்யத் துறையூருக்கு நான்கு முறை அலைந்தார். நம் சான்றிதழ்களை எடுத்து இந்த விடுமுறையிலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. வேலைக்குச் சேர்ந்த பிறகு பணி ஆணை, சம்பளச் சீட்டு, வேலையிலிருந்து விடுவிக்கும் கடிதம் ஆகியவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைக்க வேண்டும். பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். தாளில் காட்ட முடியாத அனுபவம் கணக்கில் வராது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பெயர் பெற்ற நிறுவனங்களில் கட்டணம் பெரும்பாலும் பத்து லட்சத்தைத் தாண்டும். பெரியம்மா வீட்டில் இதனால் இரண்டு வாரம் பேச்சுவார்த்தையே இல்லை. "படிச்சு முடிச்சு வேலைக்கும் போயாச்சு. இனிமே எதுக்குடா படிப்பு? அந்தப் பணத்துல தங்கச்சி கல்யாணத்தை முடிக்கலாமே" என்பது பெரியம்மாவின் வாதம். அதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். வங்கிக் கடன், மாதத் தவணை, தம் சம்பளம் மூன்றையும் அண்ணன் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். நிலத்தைத் தொடுவதில்லை என்று உறுதி கொடுத்த பிறகே பெரியம்மா அவருக்குச் சோறு போட்டார்.

நேர்முகத்தில் மூவர் இருந்தார்களாம். ஒருவர் கட்டுரையை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஒன்பது நான்கானது அடுப்பினாலா, மழைக்காலம் முடிந்ததனாலா?" அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. நல்ல வேளையாக அவர் சோதனைப் பதிவேட்டின் கணக்கை எழுதி எடுத்துப் போயிருந்தார். அடுத்த ஆண்டு மழை மாதங்களிலும் திரும்பி வந்தவை நூற்றுக்கு ஐந்துதான் என்று காட்டினார். பணம் கொடுத்து எழுதி வாங்கிய பழைய கட்டுரையாக இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை, பதிலுக்கும் இடமில்லை.

சேர்க்கைக் கடிதம் வைகாசியில் வந்தது. வெள்ளி இரவு மலைக்கோட்டை விரைவு வண்டியில் சென்னைக்குப் போய், ஞாயிறு இரவு அதே வண்டியில் திரும்பித் திங்கள் காலை பட்டறைக்குப் போகிறார். கடிதத்தோடு, வகுப்புத் தொடங்குமுன் கணக்கியல் அடிப்படைகளைப் படித்து வரவேண்டும் என்றும் குறிப்பு வந்திருந்தது. இயந்திரவியல் படித்த அவருக்குப் பற்றும் வரவும் இன்றுவரை தலைமாறித்தான் தெரிகின்றன. சந்தேகத்தை என்னிடம் கேட்கிறார், எனக்கும் தெரியவில்லை. வணிகவியல் துறை நண்பர் யாரேனும் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் தொலைபேசியில் சொல்லித்தர முன்வந்தால், வேதியியல் ஆய்வுக்கூடத்தில் என்னைப் பார்க்கலாம்.