உங்களுக்குத் தெரியுமா? காரலின் வயிற்றில் விளக்கு!

பாக் விரிகுடாவில் இழுவலையிலும் கரைவலையிலும் கூட்டங்கூட்டமாகச் சிக்கும் மீன் காரல். சென்னைப் பக்கம் காரப்பொடி என்பார்கள். இதன் உணவுக்குழாயைச் சுற்றி ஒளிரும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அந்த வெளிச்சம் வயிற்றுப்பக்கமாகக் கசிவதால், கீழிருந்து பார்க்கும் பெரிய மீன்களுக்கு இதன் நிழலுருவம் எளிதில் தெரியாது. வாயையும் குழாய்போல் வெளியே நீட்டும். இத்தனை அதிசயமான மீனில் பெரும்பங்கு கருவாட்டுக்கும் தீவன ஆலைக்கும் போவது வருத்தம்தான்.

முள் அதிகம், உண்மை. ஆனால் ருசிக்குக் குறைவில்லை. சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் பிடித்த அன்றே சமைப்பது நல்லது. கல்லுப்பு போட்டு உரசினால் வழுவழுப்பு போய்விடும். தேங்காய்ப்பால் சொதிக்கு அருமையாகப் பொருந்தும். பிள்ளை பெற்றவர்களுக்குத் தென்கடலோர வீடுகளில் தேடி வாங்கிச் சமைப்பார்கள். அடுத்தமுறை வஞ்சிரத்தின் விலை மலைக்கவைத்தால், பக்கத்துக் கூடையில் காரல் இருக்கிறதா என்று கேளுங்கள்.