கேட்டலும் தொண்டே

மேடையேறிப் பேச வல்லவர்களுக்கு நமது நாட்டில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. அடக்கமாக அமர்ந்து பிறர் சொல்வதைக் கேட்க வல்லவர்கள்தாம் அரியர். ஒரு ஸ்தாபனம் நலிவுறுவதற்குப் பணமின்மையும் எதிரிகளின் பலமும் காரணங்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அவற்றினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. தொண்டர் சொல்வதைத் தலைவர் கேட்பதில்லை. ஜனங்கள் சொல்வதைத் தொண்டர் கேட்பதில்லை. கமிட்டிக் கூட்டங்களில் ஒருவர் பேசும்போது, மற்றவர் மனம் தாம் சொல்லப்போகும் மறுமொழியிலேயே லயித்திருக்கிறது. வெகு தூரத்திலிருந்து வந்த குடியானவன் தன் குறையில் பாதியைச் சொல்லுமுன்பே, அவனுக்கு முழு உபதேசமும் கிடைத்துவிடுகிறது. அவன் கும்பிட்டுவிட்டுப் போகிறான், மறுமுறை வருவதில்லை. இவ்விதம் இழந்த நம்பிக்கையை எத்தனை பிரசங்கங்கள் செய்தாலும் மீட்க முடியாது.

நமது மொழியில் இவ்விஷயம் பற்றிய ஓர் உண்மை பொதிந்து கிடக்கிறது. ‘கேட்டல்’ என்ற ஒரே சொல் செவிமடுத்தலையும் குறிக்கும், வினாவுதலையும் குறிக்கும். ‘கேள்’ என்னும் சொல்லுக்கோ உறவினர், நண்பர் என்ற பொருளும் நமது இலக்கியங்களில் உண்டு. திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்ற அதிகாரங்களை அடுத்து, கேள்விக்கென்றே 42-ஆம் அதிகாரத்தை வகுத்தார். அதையும் அறத்துப்பாலில் வைக்காமல், பொருட்பாலில் அரசனுக்குரிய குணங்களின் வரிசையில் வைத்தார் என்பது கவனிக்கத் தக்கது. பொதுக் காரியங்களை நடத்துவோனுக்குக் கேட்டல் ஓர் ஆபரணம் அன்று. அவன் தொழிலின் அங்கமே ஆகும். வாய் மூடியிருப்போர் எல்லோரும் கேட்போர் அல்லர். வினவித் தெளிந்து மனத்திற் கொள்பவனே கேட்பவன்.

இதற்கு நமது தேசிய சரித்திரத்திலேயே ஒரு சிறந்த உதாரணம் இருக்கிறது. 1916-ஆம் வருஷம் டிஸம்பர் மாதம் லக்ஷ்மணபுரியில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, பிஹாரிலுள்ள சம்பாரண் ஜில்லாவைச் சேர்ந்த ராஜகுமார் சுக்லா என்னும் குடியானவர் காந்தியடிகளை அணுகினார். சம்பாரணில் குடியானவர்கள் தங்கள் நிலத்தில் இருபதில் மூன்று பங்கில் துரைமாருக்காக அவுரி பயிரிடும்படி கட்டாயப்படுத்தப்பட்டு வந்தனர். அக்கொடுமையைக் கண்டித்து மகாசபையில் பேசவேண்டும் என்பது சுக்லாவின் வேண்டுகோள். காந்தியடிகள் இணங்கவில்லை, நேரிற் காணாத விஷயத்தைப்பற்றி அபிப்பிராயம் கூறுவதற்கில்லை என்று சொல்லிவிட்டார். எளிதாகக் கைதட்டல் பெறக்கூடிய ஒரு பிரசங்கத்தை அவர் விட்டார். விடாமல் தொடர்ந்த சுக்லாவுடன் 1917 ஏப்ரலில் பிஹாருக்குப் புறப்பட்டார்.

அங்கே அவருக்குத் துணையாக வந்தவர்கள் பிரஜகிஷோர் பிரஸாத், ராஜேந்திர பிரஸாத் முதலிய பெயர்பெற்ற வக்கீல்கள். அவர்களுடைய சட்ட ஞானம் தமக்கு அதிகம் வேண்டியதில்லை என்றும், குமாஸ்தா வேலையும் மொழிபெயர்ப்பு வேலையுமே வேண்டுமென்றும் காந்தியடிகள் கூறினார். அந்தப் பிரதேசத்துப் பேச்சு தமக்கு நன்கு விளங்காது என்பதை அவர் மறைக்கவில்லை. நியாயஸ்தலங்களில் வாதித்துப் பெருந்தொகை பெற்றுவந்தவர்கள், குடியானவர்களின் எதிரில் அமர்ந்து அவர்கள் சொன்னதை எழுதலாயினர். ஆயிரக்கணக்கான வாக்குமூலங்கள் பதிவாயின.

அவற்றைப் பதிவு செய்த முறையையே நமது தொண்டர்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு குடியானவனையும் நுணுக்கமாகக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். பரீக்ஷையில் தேறாத வாக்குமூலத்தைத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. வாக்குமூலம் எழுதும் இடத்தில் ரகசியப் போலீஸ் அதிகாரி ஒருவர் எப்பொழுதும் இருப்பார். அவரை விரட்டாமல் மரியாதையுடன் நடத்தினார்கள். அதனால் இரண்டு நன்மைகள் உண்டாயின: குடியானவர்களின் போலீஸ் பயம் நீங்கிற்று, மிகைப்படுத்திச் சொல்லும் ஆசையும் அடங்கிற்று. காந்தியடிகள் ஒரு தரப்பை மட்டும் கேட்கவில்லை. தோட்டத் துரைமார் சங்கத்தின் காரியதரிசியையும் கமிஷனரையும் சம்பாரணுக்குள் பிரவேசிக்கு முன்பே சந்தித்தார். பெரிய குற்றச்சாட்டுகளுக்கு உள்ளான துரைமாரையும் நேரில் கண்டு அவர்கள் தரப்பைக் கேட்டறிந்தார்.

ஜில்லாவை விட்டு வெளியேறும்படி பிறந்த உத்தரவும், அதை மீறியதற்காக 1917 ஏப்ரல் 18-ஆம் தேதி மோதிஹாரி நியாயஸ்தலத்தில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு நின்றதும் எல்லோரும் அறிந்தவை. அந்தத் தைரியத்தைப் புகழும் நாம், அதன் பின் மாதக்கணக்காக நடந்த பொறுமையான வேலையை மறந்துவிடுகிறோம். அவ்வருஷம் ஜூன் மாதம் சர்க்கார் விசாரணைக் கமிட்டி அமைத்து, காந்தியடிகளையும் அதில் ஓர் அங்கத்தினராக்கிற்று. சோதித்தெடுத்த வாக்குமூலங்களின் பலம் அவர் பின்னால் இருந்தது. 1918-ஆம் வருஷச் சட்டம், சுமார் நூறு வருஷமாக இருந்துவந்த அந்தக் கட்டாய முறையை ஒழித்தது.

கேட்பதென்றால் பிறர் சொல்லுக்கெல்லாம் தலையசைப்பது என்று சிலர் எண்ணுகிறார்கள். அதே 1918-ஆம் வருஷத்தில் ஆமதாபாத்தில் நடந்த மில் வேலைநிறுத்தம் இவ்வெண்ணத்தை மறுக்கும். தொழிலாளிகள் 50 சதவிகிதக் கூலி உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20 சதவிகிதமே தருவோம் என்றார்கள். காந்தியடிகள் இரு தரப்புக் கணக்குகளையும் ஆராய்ந்து, 35 சதவிகிதமே நியாயம் என்று தொழிலாளிகளிடமே எடுத்துரைத்து, அவர்களை இணங்கச் செய்தார்.

போராட்டம் நீடித்துப் பசி மிகுந்தபோது, தொழிலாளிகளிடையே ஒரு கசப்பான பேச்சு எழுந்தது. காந்தியும் அனசூயா பஹனும் மோட்டாரில் வந்து போகிறார்கள், நன்றாக உண்கிறார்கள், சாகிற வேதனை நமக்குத்தானே என்பது அப்பேச்சின் கருத்து. வேறொரு தலைவராயின் நன்றிகெட்டவர்கள் என்று சினந்திருப்பார். காந்தியடிகளோ அச்சுடுசொல்லில் அடங்கியிருந்த உண்மையைக் கேட்டார். மார்ச்சு 15-ஆம் தேதி தாமும் உணவை விட்டார். 18-ஆம் தேதி சமரசம் ஏற்பட்டது. பின்னர் மத்தியஸ்தர் அளித்த தீர்ப்பும் 35 சதவிகிதமே.

வக்கீல் தொழிலில் பழகிய நாம் இங்கு ஒன்று கூறுவது தகும். கட்சிக்காரன் முதலில் சொல்வது பெரும்பாலும் அவனுடைய உண்மையான குறை அன்று. சொல்லுவதற்கு எளிதானது எதுவோ அதுவே முதலில் வரும். வரப்புத் தகராறு என்று தொடங்குவான். பொறுமையாக வினவினால், தகப்பனார் மரணத்தின்போது தமையன் சொன்ன ஒரு சொல் வெளிப்படும். அதை அறியாமல் வழக்கில் ஜயித்தாலும் பகை தீராது. குடும்பத்திலும் இப்படியே. ஊரெல்லாம் ஜனநாயகம் பேசும் தேசபக்தர், வீட்டில் மனைவி சொல்லத் தொடங்கியதும் பத்திரிகையை விரித்துக்கொள்ளுகிறார். மகன் வாய் திறந்தால் அதட்டுகிறார். தம் இல்லத்தில் கேட்கப் பழகாத செவி கிராமத்தில் மட்டும் எவ்விதம் திறக்கும்?

எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் நடக்குமா என்று கேட்கும் தீவிரவாதி நண்பர்களும் உண்டு. சம்பாரண் விசாரணைக்கு அதிகப்படியான காலம் பிடித்தது உண்மையே. ஆனால் அவ்வாறு எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றை எவராலும் மறுக்க முடியவில்லை. கேளாமல் செய்த காரியத்தைத் திரும்பச் செய்ய வேண்டி வருகிறது; அப்பொழுது செலவாகும் காலத்தை எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

ஆகவே நமது தொண்டர்கள் இன்றே சில பழக்கங்களைக் கைக்கொள்ளலாம். பேசுபவர் முடிக்கும்வரை இடைமறிக்கலாகாது. முடித்தபின், அவர் சொன்னதைத் தம் வாயால் ஒருமுறை சொல்லி, சரிதானா என்று அவரிடமே வினவ வேண்டும். மாறுபட்ட கட்சியாரின் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும் விதமாக எடுத்துரைக்க முடிந்த பின்னரே மறுக்கத் தொடங்க வேண்டும். கிராமத்துக்குச் செல்பவர் துண்டுப் பிரசுரங்களுடன் ஒரு வெற்று நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லட்டும். திரும்பி வரும்போது பிரசுரங்கள் தீர்ந்தனவா என்று பார்ப்பதற்கு முன், நோட்டுப் புத்தகம் நிரம்பியதா என்று பார்க்கட்டும்.