காவலர்களை வெளியேற்றும் புரதம்... தடுத்து நிறுத்தும் மாத்திரை!

செல்லின் உட்கருவில்தான் டி.என்.ஏ இருக்கிறது. செல் கட்டுமீறிப் பெருகாமல் அங்கே காவல் காப்பவை பி53 போன்ற புரதங்கள். உட்கருவிலிருந்து புரதங்களை வெளியே சுமந்து செல்வது எக்ஸ்போர்டின் 1. பல புற்றுநோய் செல்களில் இது அளவுக்கு மீறி உருவாகி, காவலர்களையே வெளியேற்றிவிடுகிறது.

இதைத் தடுக்கும் மாத்திரைதான் செலினெக்சர். மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயில், குறைந்தது 4 சிகிச்சைகளுக்குப் பிறகும் நோய் அடங்காதவர்களுக்கு, டெக்ஸாமெத்தசோனுடன் சேர்த்துக் கொடுக்க 2019 ஜூலையில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ அனுமதித்தது.

ஆனால், ஆரோக்கியமான செல்களுக்கும் எக்ஸ்போர்டின் 1 தேவை. அதனால் குமட்டல், பசியின்மை, சோர்வு, பிளேட்லெட் குறைவு வரலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரிடம் சொன்னால், குமட்டலுக்கு மருந்து தருவார். தேவைப்பட்டால் அளவையும் குறைப்பார்.