முனைவர் ஆய்வும் பெண்ணியமும்: ஓர் ‘அல்லது’ பற்றி



நாங்கள் சமூகவியல் முதுகலைத் தேர்வு எழுதியபோது வினாத்தாளில் இப்படி ஒரு கேள்வி வந்தது. (அ) சாதி அமைப்பின் இயல்புகளை விளக்குக. அல்லது (ஆ) இந்தியச் சமூகத்தில் பெண்களின் நிலையை விளக்குக. எங்களில் சேரியிலிருந்து வந்த பெண்கள் எதை எழுதுவது? மனப்பாடமாக இருந்தது (அ). அதை எழுதிவிட்டு வந்தோம். அந்த ‘அல்லது’ எங்களை இன்றுவரை விடவில்லை. இன்றைய பேச்சும் அதைப் பற்றியதுதான்.

முனைவர் பட்டத்தோடு பெண்ணிய ஆய்வியலைச் சிறப்புப் பகுதியாகச் சேர்த்துக்கொள்ளலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் சிலவற்றில் இதற்கு ‘டெசிக்னேட்டட் எம்ஃபசிஸ்’ என்று பெயர். இது தனிப் பட்டம் அல்ல. மாணவி வரலாற்றிலோ மானிடவியலிலோதான் சேர்கிறார். அந்தத் துறைப் பாடங்களோடு பெண்ணியத் துறையின் சில பாடங்களையும் படிக்கிறார். அந்தத் துறை ஆசிரியர் ஒருவர் அவருடைய ஆய்வுக் குழுவில் இடம்பெறுகிறார். முடிவில் பட்டத்தோடு அந்தச் சிறப்புப் பகுதியின் பெயரும் பதிவாகிறது. பெர்க்லியில் இதற்கு ஒரு கெடு உண்டு. ஆய்வேடு எழுதத் தொடங்குமுன் நடக்கும் தகுதித் தேர்வுக்கு முன்பே இதில் சேர்ந்திருக்க வேண்டும். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களுக்கு இதுபோன்ற செய்தி கெடு தாண்டிய பிறகுதான் வந்துசேர்கிறது. அதனால் இங்கேயே சொல்லிவைக்கிறோம்.

(அங்கே போனால் சாதி இருக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம், பாகுபாட்டுக்கு எதிரான தன் விதிகளில் 2021-ல் சாதியைச் சேர்க்க வேண்டியிருந்தது.)

இப்படித் தன் துறையைத் தாண்டிப் போய்ப் படித்தவர்களில் நமக்கு நெருக்கமானவர் அண்ணல் அம்பேத்கர். 1913-ல் பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். முதன்மைப் பாடம் பொருளாதாரம். 1916 மே 9 அன்று மானிடவியல் பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25.

அந்தக் கட்டுரையின் வாதம் ஏறக்குறைய ஒரு கணக்கு. ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணம் செய்துகொள்ள வேண்டுமானால், மண வயதில் ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். கணவன் இறந்தால் மனைவி ‘மிகுதி’ ஆகிறாள். அவள் வெளியே மணந்தால் கூட்டத்தின் எல்லை உடைகிறது. உள்ளேயே மணந்தால் இன்னொரு பெண்ணுக்குரிய மாப்பிள்ளை குறைகிறான். ஆகவே அவளைச் சிதையில் ஏற்று, இல்லையென்றால் ஆயுள் முழுக்க விதவையாக வை. மனைவி இறந்தால்? ஆணை எரிக்க முடியாது, அவன் கூட்டத்துக்குத் தேவை. இன்னும் வயதுக்கு வராத சிறுமியை அவனுக்குக் கட்டிவை. சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் ஆகிய மூன்றும் சாதியைக் கட்டிக்காக்கும் ஏற்பாடுகள் என்று அந்த இளைஞர் நிறுவினார். எங்கள் வினாத்தாளின் ‘அல்லது’ அந்தக் கருத்தரங்க அறையில் அன்றே அடிபட்டுப்போனது. நாங்கள்தான் அறியாமல் தேர்வு எழுதினோம்.

கொலம்பியாவில் அவர் முனைவர் பட்டம் பெற்றது மாகாண நிதி பற்றிய ஆய்வுக்கு. இந்தக் கட்டுரை அதற்குள் வரவில்லை. 1917-ல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் அச்சானது. பெண்ணியம் அதைத் தன் மூலநூல்களில் ஒன்றாகக் கருத நெடுங்காலம் பிடித்தது. புனே பல்கலைக்கழகத்தின் பெண்ணிய ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஷர்மிளா ரெகே, பிராமணிய ஆணாதிக்கம் பற்றிய அம்பேத்கரின் எழுத்துகளை ‘அகெய்ன்ஸ்ட் தி மேட்னஸ் ஆஃப் மனு’ என்ற நூலாகத் தொகுத்தார். அது வெளிவந்தது 2013-ல். இதே ரெகே 1998-ல் ஒரு விவாதத்தைக் கிளப்பினார். தலித் பெண்கள் வேறுவிதமாகப் பேசுகிறார்கள் என்று கோபால் குரு 1995-ல் எழுதியிருந்தார். அந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டு ஒதுங்கிவிட்டால் போதாது, தலித் அல்லாத பெண்ணியவாதிகளும் அந்தப் பார்வையிலிருந்து தங்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார் ரெகே.

ஆகவே பெண்ணியத்தைச் சேர்ப்பதிலும் இரண்டு விதம் இருக்கிறது. ஐந்து இயல் எழுதிவிட்டு ஆறாவதாகப் ‘பெண்களின் நிலை’ என்று ஒட்டுவது ஒரு விதம். நாங்கள் படித்த ஆய்வேடுகளில் பல இந்த ரகம். பெண்ணியத் துறையிலேயே சாதியை ஒரு வாரப் பாடமாக வைப்பதும் இதே ஒட்டுவேலைதான். ஆய்வின் கேள்வியே மாறுவது மற்றொன்று.

நம் ஊரில் முனைவர் பட்டத்தோடு இப்படி ஒரு சிறப்புப் பகுதி சேர்வது வழக்கம் இல்லை. ஆனாலும் வழி இருக்கிறது. யுஜிசியின் 2022 விதிமுறைப்படி கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட். அதில் ஒன்றைப் பெண்ணியப் பாடமாக எடுக்க நெறியாளரிடம் முதல் பருவத்திலேயே கேளுங்கள். வேறு துறையிலிருந்து இணை நெறியாளர் வைத்துக்கொள்ளவும் அந்த விதி அனுமதிக்கிறது. சினாப்சிஸ் கொடுத்த பிறகு கேட்டால் யாரும் அசைய மாட்டார்கள்.

எங்கள் வட்டத்தில் ஒரு தங்கை பொருளாதாரத்தில் ஆய்வு செய்தார். நகராட்சி ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் கூலி பற்றியது. அவருடைய படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்றொரு கட்டம் இருந்தது. வீடு வீடாகக் கணவன்மார்தான் பதில் சொன்னார்கள். பெண்ணிய ஆய்வுமுறைப் பாடம் படித்த பிறகு அதே வீடுகளுக்குத் திரும்பப் போய்ப் பெண்களிடம் உட்கார்ந்தார். அதிகாலையில் மேஸ்திரி வருகை எடுக்குமுன் வந்து சேர அவர்கள் என்னவெல்லாம் செய்கிறார்கள், சம்பள நாளில் பணம் யார் கைக்குப் போகிறது, வண்டி ஓட்டும் வேலை ஏன் ஆணுக்கு மட்டும் என்பதெல்லாம் அப்போதுதான் வந்தது. பாதி ஆய்வேட்டைத் திருப்பி எழுதினார். அதற்கு ஓராண்டுக்கு மேல் கூடுதலாகப் பிடித்தது.

அதற்குள் அவருடைய ஃபெல்லோஷிப் முடிந்துவிட்டது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஃபெல்லோஷிப் அதிகபட்சம் 5 ஆண்டுதான். பெண் ஆய்வாளர்களுக்கு விதிமுறை கூடுதலாக 2 ஆண்டு அவகாசம் தருகிறது, அந்த 2 ஆண்டுக்குப் பணம் தருவதில்லை. கடைசி இயலை அவர் ஒரு தனியார் கல்லூரியில் பகுதிநேரமாக வகுப்பெடுத்துக்கொண்டு, இரவில் எழுதி முடித்தார்.